கழுவிய குழாயில் மிஞ்சியது

1

கதை எழுதும் எண்ணத்தோடு நான் இங்கே உட்காரவில்லை. எட்டு வரியில் ஒரு திருத்தம் எழுத வேண்டும். நேற்று மதியத்திலிருந்து அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இப்போது அதற்குப் பதிலாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை. மணி இரண்டு. ஆய்வு நிறுவனத்தின் தரைத்தளத்தில், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருக்கிற என் அறை. விடுமுறை நாள் என்பதால் வேறு யாரும் இல்லை.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். மாடியில் இருப்பவர்கள் வருடக்கணக்கில் செய்யும் ஆராய்ச்சியை, மற்றவர்களுக்குப் புரிகிற மாதிரி முந்நூறு சொற்களில் எழுதி நிறுவனத்தின் இணையதளத்தில் போடுவது. பதினோரு வருடமாக இதுதான். பேச்சு வராதவனுக்கு ஏற்ற வேலை. அவர்கள் பேசி முடித்த பிறகும் நான் எழுந்திருக்க மாட்டேன். அந்த மௌனம் பொறுக்காமல் கடைசியாக ஒன்று சொல்வார்கள். பெரும்பாலும் அதுதான் என் கட்டுரையின் முதல் வரியாகும்.

நாலு மாதத்துக்கு முன்னால் நான் போட்ட ஒரு கட்டுரையின் முதல் வரி இது: "செத்துவிட்டதாக எல்லோரும் நினைத்த ஒரு நொதியில் இன்னும் உயிர் மிச்சம் இருக்கிறது."

அந்த வரி தவறு. நொதி செத்துத்தான் இருந்தது.

கதைக்கு இப்படியெல்லாம் தொடக்கம் எழுதிப் பார்த்தேன்:

"ஒரு கட்டடத்தில் மூன்று ஆய்வகங்கள் இருந்தன." (ஒரு ஊர்ல ஒரு ராஜா. வேண்டாம்.)

"நொதி என்பது உடலில் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் ஒரு—" (இதைப் படிக்க யாரும் கதைக்கு வர மாட்டார்கள்.)

"அக்கா அழவில்லை." (உண்மை. ஆனால் இப்படித் தொடங்கும் கதைகளில் நாலாம் பக்கத்துக்குள் யாரையாவது அழவைத்துவிடுகிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.)

தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

2

முதல் வரைவில், இந்தக் கதையில் வரும் குழந்தை எங்கிருந்தோ கடிதம் எழுதிய ஒரு தாயின் குழந்தை. அப்படி எழுதினால் நான் கொஞ்சம் மூச்சுவிடலாம் என்று தோன்றியது. ஒரு பக்கம் போனதும் நின்றுவிட்டது. அந்தக் குழந்தைக்கு என்னால் ஒரு வார்த்தைகூடப் பேச்சு எழுத முடியவில்லை. எனக்குத் தெரிந்த குழந்தை ஒன்றே ஒன்றுதான்.

பாப்பாவுக்கு ஏழு வயது. என் அக்காவின் மகள். தசைகளில் சேரும் ஒரு கழிவைக் கரைக்க வேண்டிய நொதி அவளுக்கு வேலை செய்வதில்லை. அந்த நொதி நானூற்றுச் சொச்சம் கண்ணிகள் கோத்த சங்கிலி. அவளுடையதில் இருநூற்றுப் பதினாலாவது கண்ணி மட்டும் மாறியிருக்கிறது. போன வருடம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். இந்த வருடம் இரண்டு கையாலும் பிடித்து, நாலாவது படியில் உட்கார்ந்துகொண்டு, "வண்டி இங்க அஞ்சு நிமிஷம் நிக்கும், டீ காபி சாப்பிடறவங்க எல்லாம் சாப்பிடலாம்" என்று அறிவிக்கிறாள்.

அக்கா நொதி வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். பாப்பாவின் நோய் தெரிந்த மறுமாதமே, கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு இந்த நொதிக்கு மாறினாள். சொந்தப் பிள்ளையின் நோயை எடுத்துக்கொள்ளாதே, கண் மறைக்கும் என்றார்கள். "வேற யாரு பண்றாங்கன்னு காட்டுங்க, நான் விட்டுடறேன்" என்றாள். யாரும் காட்டவில்லை.

மாறிய நொதியை ஆய்வகத்தில் எல்லோரும் 'செத்தது' என்பார்கள். அது அவர்களுடைய தொழில் வார்த்தை. அதில் குரூரம் ஏதும் இல்லை. அக்கா மட்டும் 'இருநூத்திப் பதினாலு' என்பாள்.

அந்தச் செத்ததில் ஆயிரத்துக்கு நாலு பங்கு வேலை நடப்பதாக அக்கா கண்டுபிடித்தாள். நல்ல நொதி ஆயிரம் மூலக்கூறுகளை வெட்டும் நேரத்தில் இது நாலை வெட்டுகிறது. நாலுதானா என்று சிரிக்காதீர்கள். தள்ளாடும் நொதியைத் தாங்கிப்பிடித்து நிமிர்த்தும் மருந்து ஒன்று இருக்கிறது. அது நாலை நாற்பதாக்கும். நாற்பது இருந்தால் பாப்பா படியேறுவாள். ஒன்றுமே இல்லையென்றால் மருந்துக்குப் பிடித்து நிமிர்த்த எதுவும் இல்லை. பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினாலும்—

[அடுத்த வாக்கியத்துக்குப் போகிறேன்.]

அந்த நாலைப் பார்த்தது மின்மினியின் கருவி. மின்மினி, அக்காவின் ஆய்வகத்துக்கு எதிர் ஆய்வகத்தில் இருக்கும் ஒரு அம்மாள். எங்கள் எல்லோரையும் விட மூத்தவர். அவர் செய்யும் லேசர் ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாவை விடச் சின்னது. பக்கத்தில் நொதி எதையாவது வெட்டினால் அதன் ஒளியின் நிறம் இம்மியளவு நகரும். அந்த நகர்வுகளை அவர் எண்ணுவார். பட்டப்பெயர் வைத்தது அத்தான், அக்காவின் கணவர். "உலகத்துலயே சின்ன விளக்கு செய்யறவங்க, கரண்டு போனா மெழுகுவத்தி தேடறாங்க" என்பார்.

3

அத்தான் மூன்றாவது ஆய்வகம். ஒரே பக்கம் போகும் முன்பின் தெரியாதவர்களை ஒரே காரில் ஏற்றும் செயலிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் பின்னாலுள்ள கணக்கு அவர் துறை. யாரை முதலில் ஏற்றுவது, யாருக்காக யாரை எவ்வளவு தூரம் சுற்றவைப்பது நியாயம், ஒருவர் தலையிலேயே தினமும் அந்தச் சுற்று விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, காலை பதினோரு மணி, அக்கா வீட்டுச் சமையலறை மேசை. பன்னிரண்டு குழந்தைகளுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டு நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டிய தாள்களை அக்காவும் மின்மினியும் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டில் முதல் பெயர் பாப்பாவுடையது. நான் வழக்கம்போல ஓரத்து நாற்காலியில். அத்தான் எல்லோருக்கும் காபி கலந்து கொடுத்துவிட்டு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றார்.

"இந்த ஊர்லயே அதிகமா அலைக்கழிஞ்ச பயணி யாருன்னு கண்டுபிடிச்சிட்டோம்" என்றார்.

"யாரு, உங்களைக் கட்டிக்கிட்டவங்களா?" என்றார் மின்மினி, தாளிலிருந்து தலையெடுக்காமல்.

"அவளுக்கும் மேல. ஒரே நாள்ல பதினாலு மணி நேரம் கார்லயே சுத்தியிருக்கார். இருபது பேருக்காக வழி மாறிப் போயிருக்கார். ஒரு புகார் கிடையாது. எங்க பசங்களுக்கு மனசே ஆறலை. உக்காந்து மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பினாங்க."

"பதில் வந்துதா?"

"எங்க வரும்? சீட்டு இடுக்குல கிடந்த போன் அது! காலையில ஒருத்தர் தவற விட்டுட்டு இறங்கிட்டார். போன் இருந்தா ஆளும் இருக்கார்னு எங்க கணக்கு நினைச்சுக்கிச்சு."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும்தான். பிறகு அத்தான் சிரிப்பது நின்றது. நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம்.

(இங்கே கதையை நிறுத்தி ஒரு குழாயை விளக்க வேண்டியிருக்கிறது. மன்னிக்கவும். விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய். உள்ளே வெளிர் நீல மணிகள். அரைத்த செல்களின் கலவையை மேலே ஊற்றினால், வேண்டிய நொதி மட்டும் மணிகளில் ஒட்டிக்கொள்ளும். மற்றது கீழே வடிந்துவிடும். ஒட்டியதை வேறொரு கரைசலால் கழற்றி எடுத்துக்கொண்டு, குழாயைக் கழுவி மறுபடி பயன்படுத்துவார்கள். எல்லா ஆய்வகங்களிலும் வழக்கம் இதுதான்.)

"ஏம்மா, இருநூத்திப் பதினாலு ஏறின குழாய்ல, அதுக்கு முன்னாடி யாரு ஏறினா?" என்றார் அத்தான், அக்காவிடம்.

"நல்ல நொதி. ஏன்?"

"அவங்க எல்லாரும் இறங்கிட்டாங்களா?"

"கழுவிட்டுத்தான் அடுத்ததை ஊத்துவோம். பத்து தடவை. ஆய்வகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து பத்து தடவைதான்."

"இல்ல, ஆயிரத்துல நாலு பேரு மட்டும் இடுக்குல எங்கயாவது—"

"நீங்க கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?"

அக்காவும் அத்தானும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவரை அவள் 'நீ' என்றுதான் சொல்வாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் 'நீங்க' வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மின்மினி கோப்பையை மேசையில் வைத்தார். பிறகு சொன்னார்: "பத்து தடவைங்கறது பழைய கருவிக்கு வச்ச கணக்கு. அதுல ஆயிரத்துல நாலெல்லாம் தெரியவே தெரியாது. அதனால யாருக்கும் தெரியலை."

4

அத்தானை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வரைவில் அவர் பொறாமைக்காரர். மனைவியின் பெயர் பெரிதாவது பிடிக்காமல் குத்திக்காட்டுகிறார். (அரைப் பக்கத்திலேயே கிழித்தேன். பாப்பாவின் செருப்புக்குள் மெத்தென்று அட்டை வெட்டி வைக்கிறவரை அப்படி எழுதக் கை வரவில்லை.) இன்னொரு வரைவில் அவர் உண்மைக்காகப் பெற்ற மகளையும் தராசில் வைக்கிற மகான். அது இன்னும் மோசம். அப்படிப்பட்டவர்களோடு யாரும் காபி குடிக்க முடியாது.

அவரையே கேட்டேன். "ஏன் அத்தான் கேட்டீங்க?"

"கேக்கணும்னு கேக்கலை மச்சான். வாயில வந்துடுச்சு. நான் சிரிச்சிக்கிட்டுத்தானே இருந்தேன்? யாரு ஏறினா, யாரு இறங்கினான்னு பாக்கறதே பொழப்பாப் போச்சு. மூளை அதுபாட்டுக்குக் கணக்குப் போடுது. எம் பொண்ணு கணக்குன்னு அதுக்குத் தெரியுமா?"

இதுதான் நடந்தது. கதைக்கு இது போதாது என்று எந்த ஆசிரியரும் சொல்வார்.

* இங்கே ஒரு அடிக்குறிப்பு, என்னைப் பற்றி. நாலு மாதத்துக்கு முன் அக்கா கொடுத்த குறிப்பில் "குழாய் பத்து முறை கழுவி மறுபயன்" என்று ஒரு வரி இருந்தது. என் கட்டுரையில் அதை விரித்து எழுதியும் இருந்தேன். எண்ணிப் பார்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். அந்த வாக்கியத்தை எடுத்ததும் சரியாக முந்நூறாயிற்று. கட்டுரையை நாற்பதாயிரம் பேர் படித்தார்கள். அதில் இன்னொரு நொதிக்காரர் ஒருவராவது இருந்திருப்பார். அந்த வரியில் அவர் நின்றிருப்பார். நான் எடுத்துவிட்டேன்.

5

புதுக் குழாய் வாங்கினார்கள். நல்ல நொதியின் வாடையே படாதது. பாப்பாவின் நொதியைப் புதிதாக வளர்த்து, அதில் வடித்து, மூன்று முறை அளந்தார்கள். மூன்று வாரம் பிடித்தது. தேதி தவறக்கூடாதென்று குழுவுக்கான தாள்கள் அதற்குள் போயிருந்தன. அந்த மூன்று வாரமும் அக்கா அத்தானிடம் 'நீங்க' என்றே பேசினாள்.

நேற்று, வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மூன்றாவது அளவு முடிந்தது. நான் மின்மினியின் ஆய்வகத்தில், கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். திரையில் ஒரு கோடு படுத்துக்கொண்டிருந்தது. எதுவும் நகரவில்லை.

"கருவி ஓடுதா?" என்றாள் அக்கா.

மின்மினி நல்ல நொதியில் ஒரு சொட்டு விட்டார். கோடு சட்டென்று ஏறியது.

"ஓடுது" என்றார். திரையிலிருந்து திரும்பி, "என் கருவி கொஞ்சம் மோசமா இருந்திருக்கலாம்மா. இத்தனை நாள் உனக்குத் தப்பான நம்பிக்கை இருந்திருக்காது" என்றார்.

அக்கா கையுறைகளைக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துக் குப்பையில் போட்டாள். நேராக மாடியிறங்கி என் அறைக்கு வந்தாள். நான் பின்னாலேயே வந்தேன்.

"திருத்தம் எழுது" என்றாள்.

"நீதானேக்கா எழுதணும்?"

"மூணு தடவை உக்காந்துட்டேன்டா. முதல் வரி வரமாட்டேங்குது. உயிர் இருக்குன்னு எழுதினது நீ. இல்லைன்னும் நீயே எழுது. கையெழுத்து இந்தா." வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டாள். "குழு திங்கக்கிழமை பத்து மணிக்குக் கூடுது. செவ்வாய் முதல் ஊசி. அதுக்குள்ள போட்டுடு. நீ போட்டதும் அவங்களுக்குத் தானா ஒரு நகல் போயிடும்ல?"

"போயிடும். ஆனா நீயே போன் பண்ணி ஒரு வார்த்தை…"

"பண்ணினா பாதியில நிறுத்திடுவேன். எனக்கு என்னைத் தெரியும்." வாசல் வரை போய் நின்றாள். "அவன்மேல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. சொல்லிடு."

'அவன்' என்றாள். பழையபடி. அதைக் கேட்கத்தான் அத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தார். ஆனால் நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வேறொரு ஆளாகியிருந்தார்.

6

இன்று மூன்று மணி இருக்கும். இந்தக் கதையின் முதல் பகுதியை எழுதி முடித்து, கடைசியில் திருத்தத்தையும் ஒருவழியாக எழுதி, அனுப்பும் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவளை என் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, என்னை நகலெடுக்கும் இயந்திரத்துப் பக்கம் கூட்டிப்போனார்.

"அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"செவ்வாய்க்கிழமை அனுப்பு மச்சான்."

நான் திரும்பி என் அறையைப் பார்த்தேன்.

"மூணு நாள். ஒரே ஒரு ஊசி. மருந்து வேற ஏதாவது வழியில வேலை செய்யுதோ என்னவோ, யாருக்குத் தெரியும்? போட்டுப் பாத்தாத்தானே தெரியும்? அனுமதி ஒருதடவை போச்சுன்னா அப்புறம் அவளுக்கு எதுவுமே வராது. எதுவுமே."

"அத்தான், அந்தக் கேள்வியைக் கேட்டதே நீங்கதான்."

"கேட்டேன்டா!" குரல் உயர்ந்தது, உடனே தணித்துக்கொண்டார். "கேட்டேன். கேட்டவனுக்குத்தான் தெரியும். அவ ஆராய்ச்சிக்காரியா இருந்துட்டா. நான் மூணு வாரமா அப்பாவா இருக்கேன். இதுக்கு முன்னாடி என்னவா இருந்தேன்னு தெரியலை."

இயந்திரத்தின் மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்து, மூடினார்.

"மீதிப் பதினோரு பிள்ளைங்க, அத்தான்" என்றேன்.

"தெரியும். யாருக்காக யாரைச் சுத்தவிடறதுன்னு நான் பதினஞ்சு வருஷம் கட்டுரை எழுதியிருக்கேன். எனக்கா நீ சொல்ற?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கார் எடுத்துட்டு வாசலுக்கு வரேன். அவளால அவ்வளவு தூரம் நடக்க முடியாது."

அவர் போன பிறகு நான் அறைக்குத் திரும்பினேன். பாப்பா நாற்காலியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் எதையும் தொடலை மாமா" என்றாள்.

என் கணினித் திரையை இரண்டு நிமிடம் தொடாமல் விட்டால் இருண்டுவிடும். நாங்கள் பத்து நிமிடம் பேசியிருப்போம். திரை வெளிச்சமாக இருந்தது.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை மௌனத்தைப் பொறுக்க முடியாதவன் நான்தான். ஆனாலும் முதலில் பேசியது அவள்.

"பன்னெண்டு பேருன்னு போட்டிருக்கே. அவங்களுக்கும் ஊசி உண்டா?"

"உண்டு. வாரத்துக்கு ஒண்ணு."

"எங்க?"

"தொடையில."

"வலிக்கும்ல?"

"வலிக்கும்."

"சும்மாவா?"

வாசலில் கார் ஒலி எழுப்பியது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெல்ட்டை மாட்டிவிட்டேன். அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டினேன் என்று அவருக்கும் தெரியாது.

7

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று. இந்தப் பத்தியை முடித்த கையோடு அனுப்புகிறேன். குழு கூடாமலே கலைகிறது. அக்காவும் அத்தானும் ஒரே மேசையில் ஒன்றும் பேசாமல் சாப்பிடுகிறார்கள். பிறகு ஒரு நாள் பாப்பா மூன்றாவது படியிலேயே வண்டியை நிறுத்துகிறாள்.

இரண்டு. செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கிறேன். பன்னிரண்டு தொடைகளில் பன்னிரண்டு ஊசிகள். மாலையில் திருத்தம் வெளியாகிறது. பாப்பா மூன்றாவது படியிலேயே வண்டியை நிறுத்துகிறாள்.

(மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் மருந்து வேறு ஏதோ வழியில் வேலை செய்கிறது. நன்றாகவே எழுதினேன். நன்றாக வந்ததால்தான் எடுத்துவிட்டேன்.)

8

திருத்தம் இதுதான்.

"நாலு மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் வெளியான கட்டுரை, ஒரு தசை நோய்க்குக் காரணமான மாறிய நொதியில் சிறிதளவு இயக்கம் எஞ்சியிருப்பதாகச் சொன்னது. அது தவறு. முன்பு நல்ல நொதி பிரித்தெடுக்கப்பட்ட குழாயிலேயே மாறிய நொதியும் பிரித்தெடுக்கப்பட்டது. வழக்கமான முறையில் கழுவியும் நல்ல நொதியில் மிகச் சிறிதளவு குழாயில் தங்கியிருந்தது; கருவி அளந்தது அதைத்தான். புதிய குழாயில் மூன்று முறை அளந்தபோது மாறிய நொதியில் எந்த இயக்கமும் காணப்படவில்லை. ஆகவே, பன்னிரண்டு குழந்தைகளுக்குத் திட்டமிட்டுள்ள மருந்துச் சோதனைக்கு இப்போது அடிப்படை இல்லை. பிழையைக் கண்டுபிடித்தவர், அந்தக் குழந்தைகளில் ஒருவரின் தந்தை. குழாய் கழுவப்பட்ட விதத்தை முதல் கட்டுரையிலிருந்து நீக்கியவர், இதை எழுதுபவர்."

எட்டு வாக்கியங்கள். இதை நீங்கள் படித்துவிட்டீர்கள். அப்படியானால் நான் அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். எப்போது அனுப்பினேன் என்பதை மட்டும் சொல்லப்போவதில்லை. ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ஒரு வரி நிரப்ப வேண்டும். அதைக் காலியாக விடுகிறேன். பாப்பாவைத் தூக்கிக் காரில் வைத்தவை என் கைகள். உங்கள் கையில் அந்த எடை இல்லை. அல்லது, நீங்கள் அந்தப் பதினோரு வீடுகளில் ஒன்றிலிருந்து இதைப் படிக்கிறவராக இருந்தால், இருக்கிறது. யாராக இருந்தாலும், நீங்களே நிரப்புங்கள்.

வெளியிட்ட கிழமை: ____________